தண்ணீர்: தாராளமாகக் கிடைக்கும்

நம்ம தொழில்ல காப்பி-பேஸ்ட் ஒண்ணும் பாவம் இல்ல. ஓடற கோடை எடுத்து, பேரை மாத்தி, நம்ம வேலைக்கும் ஓடுதான்னு பாக்கறவங்கதானே நாம? அதே புத்தியோட பிராஜெக்ட் ரிப்போர்ட் எழுதப் போய் நான் பல்பு வாங்கின கதை இது.

மயிலாப்பூர்ல இருக்கற என் சித்தி, வீட்டு கிரைண்டர்லயே அரைச்சு அக்கம்பக்கத்துக்கு இட்லி மாவு வித்துட்டு இருந்தாங்க. 2023-ல ஒருநாள், "கடையா வெச்சுடலாம்னு இருக்கேன்டா. முத்ரா லோனுக்கு ரிப்போர்ட் கேக்கறாங்க. நீதான் இன்ஜினியராச்சே, எழுதிக் குடு"ன்னாங்க. 2015-ல வந்த திட்டம் அது. அப்போ 50,000 வரைக்கும் சிசு, 5 லட்சம் வரைக்கும் கிஷோர், 10 லட்சம் வரைக்கும் தருண். அடமானம் கிடையாது.

மாதிரி ரிப்போர்ட்டுக்கா பஞ்சம்? காதி கிராமத் தொழில் ஆணையமே தொழில்வாரியா போட்டு வெச்சிருக்கு. நான் வேற எங்கயோ சிக்கின ஒரு மாவு ஆலை ரிப்போர்ட்டை இறக்கி, அடையார் ரூம்ல உக்காந்து, கண்ட்ரோல் எச் அடிச்சு ஊர் பேரை மாத்தி, அரை மணி நேரத்துல முடிச்சேன். 9 லட்சம் கடன், நாளைக்கு 200 கிலோ விற்பனை. வருஷத்துக்கு 300 வேலை நாள், முதல் வருஷம் 60% உற்பத்தி, அடுத்து 70, அப்புறம் 80. பாக்கவே ஜம்முனு இருந்துச்சு.

வங்கி மேனேஜர் மூணாவது பக்கத்துல நின்னுட்டார். "தண்ணீர்: தாராளமாகக் கிடைக்கும்"னு சத்தமா படிச்சார். "2019-ல நீங்க சென்னைலயா இருந்தீங்க தம்பி?"

சித்தி என்னைப் பாத்தாங்க. அந்த வருஷம் நாலு ஏரியும் வத்தி ஊரே லாரித் தண்ணிக்குக் குடத்தோட நின்னுச்சு. அந்த வரிசைல சித்தியும் நின்னவங்கதான்.

அடுத்த ஞாயித்துக்கிழமை ஒரு நோட்டோட சித்தி எதிர்ல உக்காந்தேன். ரிப்போர்ட்ல இருந்த தலைப்பை ஒவ்வொண்ணா படிச்சேன், பதிலை அவங்க சொன்னாங்க.

"200 கிலோவை யாருடா தின்பாங்க? தெருவுல 15 கிலோ போகும். நாலு கடைக்குப் போட்டா இன்னொரு 40. விக்காத பாக்கெட் நம்ம தலைலதான் திரும்பி வரும். மே மாசம் சாயங்காலத்துக்குள்ள புளிச்சுடும். ஏகாதசிக்கு டல்லு, அமாவாசை ராத்திரி பலகாரத்துக்கு ஜாஸ்தி போகும்."

இதுல ஒண்ணுகூட என் ரிப்போர்ட்ல இல்ல.

கணக்கு போட்டோம். எல்லாச் செலவும் போக கிலோவுக்கு 10 ரூபா நின்னா, 55 கிலோவுக்கு 550. மாசம் 26 நாளுக்கு 14,300. 9 லட்சத்துக்கு 12% வட்டி, 5 வருஷம்னா தவணையே மாசம் சுமார் 20,000! கடை அட்வான்ஸுக்குன்னு சித்தி எடுத்து வெச்சிருந்த நாலு வளையலும் சேந்து முழுகியிருக்கும். எனக்கு நிஜமாவே வயித்தைக் கலக்கிடுச்சு.

40 லிட்டர் கிரைண்டர் 10 லிட்டர் ஆச்சு. கடன் 3.5 லட்சம், தவணை சுமார் 7,800. மீதி 6,500 நிக்கும். "முதல் வருஷத்துக்கு இது போதும்டா"ன்னாங்க. அந்த ரிப்போர்ட்டுக்குத்தான் லோன் கிடைச்சுது.

மாதிரியைக் குறை சொல்ல மாட்டேன் மக்களே. அது இல்லேன்னா தண்ணி, ரிட்டர்ன், தவணைன்னு என்னென்ன கேக்கணும்னே எனக்குத் தெரிஞ்சிருக்காது. கேள்வியை அதுலேர்ந்து எடுத்துக்கோங்க. எண்ணை மட்டும் தொழில் பண்றவங்ககிட்டயே கேட்டு எழுதுங்க.

பி.கு.: புது ரிப்போர்ட்ல தண்ணீர்ங்கற தலைப்புக்கு எதிர்ல, லாரித் தண்ணிக்கு மாசம் எவ்வளவுன்னு சித்தியே கைப்பட எழுதினாங்க :-)