கீழ் வீட்டுப் புகை

நீங்கள் அடுக்கு மாடி வீட்டில் குடியிருப்பவர்களா? அப்படியானால் அடுத்த வீட்டில் இன்று என்ன சமையல் என்று விசாரிக்க வேண்டிய அவசியமே இராது. வெங்காய சாம்பாரா, வற்றல் குழம்பா என்பதை மூக்கே சொல்லிவிடும். மீன் வறுக்கிற வாசனைக்கு மூக்கைச் சுளிப்பவர்களும் உண்டு. எனக்கு அது பிடிக்காது. பிறர் சாப்பாட்டைப் பற்றிப் பேச நாம் யார்? ஆனால் சிகரெட் புகை சாம்பார் வாசனையைப் போன்றதல்லவே!

சென்னையில் எங்கள் கட்டிடத்தில் 4 மாடி, 12 குடித்தனம். லிப்ட் கிடையாது. என் பெண் பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தைக்கு 40 நாள்கூட ஆகவில்லை. தினம் காலை ஆறு மணிக்கும் இரவு பத்து மணிக்கும், அவள் படுத்திருந்த அறையில் 'குப்'பென்று சிகரெட் நாற்றம் அடிக்கும். எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் யாருக்கும் இல்லை. பிறகு எங்கிருந்து வருகிறது?

பாத்ரூம் ஜன்னல்கள் எல்லாம் எட்டிப் பார்க்கின்றனவே, அந்த டக்ட் வழியாகத்தான்! உஷ்ணமான புகை மேலே ஏறுவது இயற்கை. நான் வேறு சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிடுவேன். வெளியே போகிற காற்றுக்கு ஈடாக வேறெங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாக வேண்டுமே! அது கீழ் வீட்டுப் புகையையும் கையோடு அழைத்துக்கொண்டு வந்தது.

கீழ் வீட்டு மாமா பரம சாது. ரேஷன் கடைக்குப் போனால் எனக்கும் சேர்த்து வரிசையில் நிற்பவர். அவர் மனைவியோ எனக்கு இருபது வருஷத்துச் சிநேகிதி. அவளிடம் போய் எப்படிச் சொல்வது? இரண்டு நாள் மென்று விழுங்கிவிட்டு, மூன்றாம் நாள் கேட்டே விட்டேன்.

அவள் முகம் சிறுத்துப் போயிற்று. "ஹாலில் ஊதக் கூடாது, பால்கனியில் ஊதினால் துணியெல்லாம் நாறுகிறது என்று நான்தானே அவரைப் பாத்ரூமுக்கு விரட்டினேன்! புகை போன இடம் தெரியவில்லை என்று சந்தோஷப்பட்டுக் கொண்டிருந்தேனே!" என்றாள்.

போன இடம் எனக்குத் தெரியும், என் பேரனுக்கும் தெரியும்!

இது வெறும் நாற்றத்தின் தொல்லை என்றால் ஊதுவத்தி ஏற்றிவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். ஜப்பானில் ஹிராயாமா என்ற ஆராய்ச்சியாளர், சிகரெட்டையே தொடாத 91,540 மனைவிமார்களை 14 வருஷம் கவனித்து, 1981-ல் முடிவை வெளியிட்டார். கணவன் அதிகமாக ஊதுகிற வீடுகளில், நுரையீரல் புற்றுநோயால் மனைவி இறப்பது அதிகமாயிருந்தது. ஊதியவர் ஒருவர், கணக்குத் தீர்த்தவள் இன்னொருத்தி! அமெரிக்க சர்ஜன் ஜெனரலின் 2006-ம் வருஷத்து அறிக்கையோ, 'இவ்வளவு புகை இருந்தால் பாதகமில்லை' என்று சொல்லும்படியான அளவே கிடையாது என்கிறது. ஜன்னலைத் திறந்து வைத்தாலும் முற்றிலும் போகாதாம். கைக்குழந்தைகள் தூக்கத்திலேயே திடீரென்று இறந்துபோகும் அபாயத்தையும் அது சொல்கிறது. இதைப் படித்த பிறகு எந்தப் பாட்டிக்கு உறக்கம் வரும்?

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். பொது இடங்களில் புகை பிடிப்பதை 2003-ம் வருஷத்துச் சட்டம் தடுக்கிறது. அதன் விரிவான விதிகள் 2008 அக்டோபர் 2-ந் தேதி, காந்தி ஜயந்தியன்று, அமலுக்கு வந்தன. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். ஆனால் சொந்த வீட்டுப் பாத்ரூம் பொது இடமாகுமா? அமெரிக்காவில், அரசாங்க உதவியோடு நடக்கிற பொதுக் குடியிருப்புகளில், 2018 ஜூலை முடிவிலிருந்து வீட்டுக்குள்ளேயே சிகரெட் கூடாது. கட்டிடத்திலிருந்து 25 அடி தள்ளித்தான் பற்ற வைக்கலாம். அங்கே அரசாங்கம் வீட்டுக்காரர், நிபந்தனை போட முடிகிறது. இங்கே அவரவர் வீட்டுக்கு அவரவரே ராஜா!

ஆகவே அசோசியேஷன் கூட்டத்தில் விஷயத்தை எடுத்தோம். மாமாவின் பேரைச் சொல்லக் கூடாது என்று முன்கூட்டியே எல்லோரிடமும் கேட்டுக்கொண்டேன். மாடிப்படியிலும் வண்டி நிறுத்துமிடத்திலும் கூடாது என்பது ஐந்து நிமிஷத்தில் முடிவாயிற்று. டக்ட் விஷயம் வந்ததும்தான் ரகளை. "என் வீட்டுக்குள் நான் என்ன செய்தால் உங்களுக்கென்ன?" என்றார் ஓர் இளைஞர். அவர் சொல்வதும் நியாயம்தான், புகை அவர் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டால்! மாடி வீட்டு அம்மாள், "அப்படியானால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஊதுங்களேன்" என்றதும் அவர் உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் மாமாவே எழுந்து, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு அப்பால் ஒரு மூலையைத் தமக்கு ஒதுக்கித் தரும்படி கேட்டார். சாம்பலைப் போட ஒரு பழைய மண்சட்டியும் அங்கே போய்ச் சேர்ந்தது.

முழங்கால் வலிக்காரருக்கு ஒவ்வொரு சிகரெட்டுக்கும் மூன்று மாடி ஏறி இறங்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்தாக இருந்தது இப்போது இரண்டு என்கிறாள் மாமி. மூன்று என்கிறார் மாமா. மழை நாளில் மட்டும் பழையபடி பாத்ரூம்தான். அதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் மாமி எனக்குப் போன் செய்துவிடுகிறாள். நான் ஃபேனை நிறுத்தி ஜன்னலைச் சாத்திவிட்டுக் குழந்தையை முன் அறைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறேன்.