அக்ராவிலிருந்து கோக்கோ மலைக்கு

ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலே கானா என்றொரு தேசம் இருக்கிறது. 1957-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 6-ந் தேதி சுதந்திரம் அடையும் வரையில் அதற்குப் ‘பொற்கரை’ என்று பெயர். அதன் மேற்கு எல்லையில் உள்ள தேசத்துக்கு இன்றைக்கும் தந்தக்கரை என்றுதான் பெயர். குடியிருக்கும் ஜனங்களைக் கொண்டு பெயரிடாமல், கப்பலில் ஏற்றிப் போகும் சரக்கைக் கொண்டு பெயரிட்டவர்கள் ஐரோப்பிய வியாபாரிகள். மளிகைக் கடைக்காரர் பேரேட்டில் தலைப்பு எழுதுவது போலத் தேசப்படத்திலும் எழுதிவிட்டார்கள்!

ஆப்பிரிக்க, ஐரோப்பிய தேசங்களின் தலைவர்கள் 2022-இல் பிரஸ்ஸெல்ஸ் நகரிலும், 2025-இல் லுவாண்டா நகரிலும் மகாநாடு கூடினார்கள். வியாபாரத்தையும் மூலதனத்தையும் பெருக்கி இரு கண்டங்களின் உறவைப் பலப்படுத்த வேண்டும் என்பது இரண்டிலும் பேசப்பட்ட விஷயம். உறவு ஒன்றும் புதிதல்ல. 1482-இல் போர்ச்சுகீசியர் எல்மினாவில் கோட்டை கட்டிய நாளிலிருந்து அது இருந்து வருகிறது. அந்தக் கோட்டையின் இருட்டறைகளில் மனிதர்களையே சரக்காக அடைத்து வைத்த காலமும் அந்த உறவைச் சேர்ந்ததுதான். ஆகவே, உறவு எவ்வளவு பலமானது என்று கேட்பதைவிட, கயிற்றின் எந்த முனை யார் கையில் இருக்கிறது என்று பார்ப்பதே உசிதம் என்று நமக்குத் தோன்றிற்று. கானாவின் கோக்கோவை அதற்கு உதாரணமாக எடுத்துக்கொண்டு, 2024 டிசம்பரில், அது மரத்திலிருந்து கப்பலுக்கு வரும் வழியில் எதிர்த்திசையாகப் பிரயாணம் செய்தோம்.

அக்ரா நகரின் பழைய பகுதியான ஜேம்ஸ் டவுனில், சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டிய கலங்கரை விளக்கம் ஒன்று நிற்கிறது. அதன் கீழே மீன்பிடிப் படகுகளின் ஆரவாரம். 1962-இல் டெமா துறைமுகம் திறக்கப்படும் வரையில், அக்ராவின் கோக்கோ மூட்டைகள் இந்தக் கரையிலிருந்துதான் ஏறின. பெரிய கப்பல் கரைக்கு வர இயலாது, தூரத்தில் நிற்கும். கூலியாட்கள் மூட்டையைத் தலையில் சுமந்து படகில் ஏற்ற, படகோட்டிகள் அலையைக் கிழித்துக்கொண்டு போய்ச் சேர்ப்பார்கள். அலை சற்று முரண்டு பிடித்தால் படகு கவிழும்.

நகரத்துச் சந்தையில் வேறொரு காட்சி. குளிர்ப்பெட்டியில் கல்லாய் உறைந்த கோழித் தொடைகள் குவிந்திருந்தன. அட்டைப் பெட்டியில் ஐரோப்பிய தேசம் ஒன்றின் பெயர். உள்ளூர்க் கோழியைவிட விலை மலிவு. ஐரோப்பியருக்கு நெஞ்சுக் கறியில்தான் பிரியம். மிச்சத்தைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட அவர்களால் முடிகிறது. இதைத் தடுக்க 2003-இல் கானாவின் பார்லிமெண்டு இறக்குமதிக் கோழியின் வரியை 40 சதவீதமாக உயர்த்திச் சட்டம் செய்தது. சர்வதேச நிதி ஸ்தாபனத்தோடு கலந்து பேசியபின் சில மாதங்களில் அது நிறுத்தப்பட்டது. சட்டம் இயற்றியது ஓரிடம், அதை நிறுத்தும் யோசனை பிறந்தது வேறிடம்! கோழிக்காரியிடம் இதைச் சொன்னபோது அவள், “வாங்குகிறீர்களா, இல்லையா?” என்று கேட்டாள். நியாயமான கேள்விதான்.

அக்ராவுக்குக் கிழக்கே சுமார் 25 மைல் தூரத்துக்குள் டெமா இருக்கிறது. அதன் புதிய கப்பல்துறை 2019-இல் திறக்கப்பட்டது. டென்மார்க், பிரான்ஸ் தேசங்களின் கம்பெனிகளும் கானா துறைமுக ஸ்தாபனமும் கூட்டாகப் போட்ட மூலதனம் அது. பிரெஞ்சுக் கம்பெனியின் ஆப்பிரிக்கத் துறைமுகத் தொழில் 2022-இல் ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த மற்றொரு கம்பெனிக்குக் கைமாறியது. வானளாவிய பாரந்தூக்கிகளைப் பார்க்கையில், ஜேம்ஸ் டவுன் படகோட்டிகளின் பேரப்பிள்ளைகளுக்கு இது நன்மையே என்பதில் நமக்குச் சந்தேகம் இல்லை. மூலதனம் வேண்டாம் என்று யார் சொன்னார்கள்?

துறைமுகத்துக்கு அருகே கோக்கோ அரைக்கும் ஆலைகள் இருக்கின்றன. ஸ்விட்சர்லாந்து, பிரான்ஸ், அமெரிக்கா தேசத்தவருடையவை சில. 1965-இல் ஏற்பட்ட சர்க்கார் ஆலையும் ஒன்று. காற்றிலே வறுத்த கோக்கோவின் மணம். கானாவில் விளையும் கோக்கோவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் இங்கே அரைபடுகிறது. மீதி கொட்டையாகவே கப்பல் ஏறுகிறது. அரைபட்டதும் பெரும்பாலும் விழுதாகவும் கொழுப்பாகவும் போகிறதே தவிர, சாக்லெட்டாகப் போவது அற்பம். கோக்கோ மரம் ஒன்றுகூட வளராத ஹாலந்து தேசம், உலகிலேயே மிக அதிகமாகக் கோக்கோக் கொட்டையை வாங்குகிறது.

ஐரோப்பிய யூனியன் கொட்டைக்கு வரி வாங்குவதில்லை. ஒப்பந்தம் இல்லாத தேசத்திலிருந்து அதே கொட்டை விழுதாகப் போனால் வரி உண்டு. பொதுவான விகிதம் 9.6 சதவீதம். உழைப்பு ஏற ஏற வரியும் ஏறும்! இதிலிருந்து தப்பக் கானா 2016-இல் ஐரோப்பிய யூனியனோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. கானாவின் சரக்குகள் வரியின்றி ஐரோப்பாவுக்குள் போகும். அதற்குப் பிரதியாக, ஐரோப்பியச் சரக்குகளில் ஐந்தில் நான்கு பங்கின் மீதான வரியைக் கானா படிப்படியாக நீக்கிவிட வேண்டும். கோழி போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. சாக்லெட்டுக்கு வரி இல்லை என்றாலும், பாலும் சர்க்கரையும் வெளியிலிருந்து வரவேண்டும்; உஷ்ணப் பிரதேசத்தில் குளிர்ச்சாலை வேண்டும்; ஐரோப்பியக் கடைகளில் இடம் வேண்டும். கதவு திறந்திருக்கிறது, வாசற்படிதான் உயரம்.

மறுநாள் மலை ஏறினோம். தேர்தல் முடிந்த வாரம் ஆகையால், வழி நெடுக அபேட்சகர்களின் முகங்கள் சுவர்களில் சிரித்துக்கொண்டிருந்தன. வடக்கே பாலைவனத்திலிருந்து வரும் வறண்ட காற்று தொடங்கிவிட்டது. மலைகள் மங்கலாகத் தெரிந்தன. அபுரி தோட்டத்தைக் கடந்து மாம்போங் என்னும் ஊரை அடைந்தோம்.

டெட்டே குவார்ஷி என்னும் கொல்லர் ஒருவர், அப்போது ஸ்பெயின் வசமிருந்த பெர்னாண்டோ போ தீவுக்குப் பிழைக்கப் போனவர், திரும்பும்போது கோக்கோ விதைகளைக் கொண்டுவந்து 1879-ஆம் வருஷ வாக்கில் இங்கே நட்டார் என்று சொல்லுகிறார்கள். பாதிரிமார்கள் அதற்கு முன்பே முயன்றதும் உண்டு. ஆனால் ஊரார் பார்த்துக் கற்றது கொல்லரிடம்தான். பழைய தோட்டத்தில் அவர் நட்டவை என்று சில மரங்களைக் காட்டினார்கள். கிளையில் அல்ல, அடிமரத்திலேயே காய்கள் ஒட்டிக்கொண்டிருந்தன, நம் ஊர்ப் பலாவைப் போல. இந்த ஒரு தோட்டத்திலிருந்து தொடங்கி 1911-இல் பொற்கரை உலகத்திலேயே அதிகக் கோக்கோ விளைக்கும் தேசம் ஆகிவிட்டது. அதைச் சாதித்தவர்கள் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் அல்லர். இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருந்த கறுப்புக் குடியானவர்கள்.

விளைவிப்பது அவர்கள், விலை வைப்பது பிறர். 1937-இல் யுனைடெட் ஆப்பிரிக்கா கம்பெனி முதலிய ஐரோப்பியக் கொள்முதல் கம்பெனிகள், ஒருவருக்கொருவர் போட்டியிடாமல் வாங்குவது என்று தங்களுக்குள் ரகசிய உடன்பாடு செய்துகொண்டன. செய்தி கசிந்தது. குடியானவர்கள் கோக்கோவை விற்க மறுத்தார்கள்; ஐரோப்பியச் சாமான்களையும் வாங்குவதில்லை என்று தீர்மானித்தார்கள். மூட்டைகள் ஊரிலேயே அடுக்கியிருக்க, கப்பல்கள் வெறுமையாக நின்றன. 1938 ஏப்ரல் வரையில் அப்படியே இருந்தார்கள். இங்கிலாந்திலிருந்து நோவெல் என்பவரின் தலைமையில் விசாரணைக் கமிஷன் வந்து, குடியானவர்களின் குறை நியாயமானதே என்று ஒப்புக்கொண்டது. அந்நியத் துணியைக் கொளுத்திய கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, அந்த ஆறு மாதங்களைப் பற்றி மலையூர்ப் பெரியவர்கள் சொல்லக் கேட்டபோது ரோமம் சிலிர்த்தது.

1947-இல் கோக்கோ சபை ஏற்பட்டது. அன்று முதல் கொள்முதல் விலையை நிர்ணயிப்பது சர்க்காரின் பொறுப்பு. இதனால் வந்த நன்மையையும் தீமையையும் கிபி என்னும் ஊரை அடுத்த ஒரு கிராமத்தில் கண்டோம்.

மாம்போங்கிலிருந்து கொஃபொரிடுவா வழியாகப் போனோம். நாம் தங்கிய வீட்டுக்காரியான மூதாட்டிக்கு வயது எழுபதுக்கு மேல். பெரியவர்களை அங்கே ‘நானா’ என்று அழைப்பது வழக்கம். நாமும் அப்படியே அழைத்தோம். பேரன் உபாத்தியாயர், ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்லி உதவினார். வெட்டுக்கத்தியால் காயைப் பிளந்து, உள்ளிருந்த வெள்ளைச் சுளையை முதலில் நமக்குக் கொடுத்தாள். இனிப்பும் புளிப்பும் கலந்த சுவை. கொட்டைகளைச் சதையோடு வாழையிலையில் குவித்து மூடி ஆறு நாள் புளிக்க வைக்கிறார்கள். பிறகு மூங்கில் தட்டியில் பரப்பி, ஒரு வாரத்துக்கு மேல் கையால் புரட்டிப் புரட்டிக் காயவைக்கிறார்கள். கானாக் கோக்கோவுக்குச் சந்தையில் உள்ள நற்பெயர், இந்தப் புரட்டலால் வந்தது. சாக்லெட் பிடிக்குமா என்று கேட்டோம். “பல்லில் ஒட்டுகிறது” என்றாள்.

அந்த மாதம் சர்க்கார் விலை மூட்டைக்கு 3,100 செடி. 16 மூட்டை ஒரு டன். அதாவது டன்னுக்கு 49,600 செடி, சுமார் 3,300 டாலர். அதே மாதத்தில் நியூயார்க் சந்தையில் டன் விலை 12,000 டாலரைத் தாண்டியது! நானா இதைப் பேரன் மூலம் அறிந்திருந்தாள். “மற்ற முக்கால் பங்கை யார் தின்றார்கள்?” என்று கேட்டாள்.

பதில் சொல்ல நமக்குச் சற்றுச் சங்கடமாக இருந்தது. முழுப் பழியையும் ஐரோப்பியர் மீது போடுவதற்கில்லை. கோக்கோ சபை பயிர் கைக்கு வருமுன்பே அதை விற்றுவிடும் வழக்கமுடையது. அந்த விற்பனைச் சீட்டுகளை ஈடு காட்டி, முப்பது வருஷமாக அந்நிய பாங்கிகளிடம் ஆண்டுதோறும் கடன் வாங்கியே கொள்முதல் நடந்து வந்தது. விலை சரிந்தால் இந்த ஏற்பாடு குடியானவனைக் காப்பாற்றும். விலை ஏறினால் அவனைக் கட்டிப் போடும். இம்முறை நோயாலும் மழைக்கேட்டாலும் விளைச்சல் குன்றி உலகமெங்கும் விலை ஏற, கானாவோ பழைய விலைக்கு விற்ற சரக்கைக் கொடுத்துத் தீர்க்க வேண்டியிருந்தது. 2024-இல் அந்நிய பாங்கிக் கடனைச் சபை நிறுத்தியது. சபையின் சொந்தக் கடனும் நிர்வாகக் கோளாறும் வேறு. கொஞ்சம் கோக்கோ அப்போது இரவில் டோகோ எல்லையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அங்கே விலை அதிகமாக இருந்தது.

கானாவும் தந்தக்கரையும் ஒன்றுகூடி முயலாமலும் இல்லை. 2020-இல் தொடங்கிய பருவத்திலிருந்து, டன்னுக்கு 400 டாலர் குடியானவரின் ஜீவனத்துக்காக மேலதிகமாகத் தர வேண்டும் என்று விதித்தார்கள். வாங்குவோர் இசைந்தார்கள், ஆனால் தரத்துக்காகக் கொடுத்து வந்த தொகையைக் குறைத்துவிட்டார்கள் என்பது இரு சர்க்கார்களின் புகார்.

ஐரோப்பாவிலிருந்து மற்றொரு சட்டமும் வருகிறது. 2020 டிசம்பருக்குப் பின் காட்டை அழித்து விளைத்த கோக்கோ உள்ளே நுழையக் கூடாது என்று 2023-இல் சட்டம் செய்தார்கள். அமலாகும் தேதி இரண்டு தடவை தள்ளிப்போயிருக்கிறது. காடு காப்பது நல்ல காரியம். அதற்காக ஒரு வாலிபன் கருவியோடு வந்து நானாவின் நிலத்தை எல்லை சுற்றி நடந்து அளந்தான். நானாவிடம் அடையாள அட்டை ஒன்று இருக்கிறது. மூன்று ஏக்கரின் ஒவ்வோர் அடியும் ஐரோப்பாவுக்குத் தெரியும். அங்கே நாளை என்ன விலை என்பதுதான் அவளுக்குத் தெரியாது.

எல்லைக்கு அப்பால் உள்ள நிலத்தில் கோக்கோ இல்லை. சொந்தக்காரர் அதைத் தங்கம் தோண்டுவோருக்குக் கொடுத்துவிட்டார். பிரும்மாண்டமான பள்ளங்களில் மஞ்சள் தண்ணீர் தேங்கி நிற்கிறது. பக்கத்தில் ஓடும் பிரிம் நதி காப்பி நிறமாக இருந்தது. இனி அந்த மண்ணில் எதுவும் எளிதில் வேர் பிடிக்காது. நானாவின் நிலத்துக்கும் ஒருவர் ரொக்கம் பேசியிருக்கிறார். பல வருஷக் கோக்கோ வருமானம் ஒரே நாளில் கைக்கு வரும் என்கிறார். பேரன் கூடாது என்கிறார். பேத்தி தாதிப் படிப்புக்குச் சேர்ந்திருக்கிறாள். சம்பளம் கட்ட வேண்டும்.

சாயங்காலம் கொள்முதல் குமாஸ்தா தராசோடு வந்தார். முதல் மூட்டையை நிறுத்தார்கள். நானா முள்ளைப் பார்த்தாள். மறுபடி நிறுக்கச் சொன்னாள். இரண்டாம் முறை ஒரு கிலோ அதிகம் காட்டிற்று. குமாஸ்தா ஒன்றும் பேசாமல் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

2025 முடிவதற்குள் உலகச் சந்தையில் கோக்கோ விலை பாதிக்கும் கீழே சரிந்துவிட்டது. நாம் விடைபெற்ற தினத்தில், தங்கம் தோண்டுகிறவர் ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனை முடிந்தபின் பதிலுக்கு வருவதாக இருந்தது. என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்டோம். நானா தட்டியில் கிடந்த கொட்டைகளைப் புரட்டிக்கொண்டே, “வரட்டும், பார்ப்போம்” என்றாள்.