டிக்கெட்டில் யாரோட போன் நம்பர்?

மும்பைல இருக்கிற நம்ம ஜனங்களுக்கு ஊருக்குப் போறதுன்னா ரயில்தாங்க. நாகர்கோவில் எக்ஸ்பிரஸ், தாதர் - திருநெல்வேலி, குர்லாவில கிளம்புற கோயமுத்தூர் வண்டி... மே மாச லீவு, பொங்கல், கோயில் கொடை எது வந்தாலும் டிக்கெட்டுக்கு அடிதடிதான். 120 நாள் முன்னாடியே ரிசர்வ் பண்ணலாம்னு இருந்ததை 2024 நவம்பர்ல 60 நாளாக் குறைச்சாங்க. அடிதடி மட்டும் குறையலை!

"நெட்லயே எடுக்கலாமே, எதுக்கு ஏஜெண்ட்?"னு ஆபீஸ்ல கேக்கறாங்க. புக்கிங் திறக்கறது காலைல எட்டு மணிக்கு. தாராவி பட்டறையில வேலை பார்க்கிறவர் அந்நேரம் போனைத் தட்டிக்கிட்டு இருக்க முடியுமா? அவருக்கு ஏஜெண்ட் வேணும். நல்லவங்களும் இருக்காங்க. கண்டுபிடிக்கறதுதான் விஷயம்.

செம்பூர்ல எங்க பில்டிங்கில ஒரு அக்கா, இட்லி மாவு அரைச்சு விக்கிறவங்க. தம்பி கல்யாணத்துக்கு நாலு டிக்கெட்டுக்குப் பணம் கட்டினாங்க. நாலும் வெயிட்டிங் லிஸ்ட். சார்ட் போட்டப்பவும் கன்ஃபர்ம் ஆகலை. பிள்ளைங்களோட அன்ரிசர்வ்டுல நெருக்கியடிச்சுப் போனாங்க. திரும்பி வந்து பணம் கேட்டா, "ரயில்வேலேர்ந்து இன்னும் வரலைக்கா". ரெண்டு மாசம் இதே பதில். வெயிட்டிங் லிஸ்ட்லயே நின்னுபோன இ-டிக்கெட் தானாவே கேன்சலாகி, புக் பண்ணினவர் கணக்குக்குப் பணம் போயிடும். அக்கா போனுக்கு ஒரு எஸ்எம்எஸ்கூட வரலை. ஏன்னா டிக்கெட்ல ஏஜெண்ட் போட்டிருந்தது அவரோட நம்பர்!

2019 அக்டோபர்லேர்ந்து இதுக்கு ஒரு வழி இருக்கு. ஐஆர்சிடிசி அங்கீகாரம் உள்ள ஏஜெண்ட் எடுத்த டிக்கெட் கேன்சலானா, எவ்வளவு ரீஃபண்டுன்னு சொல்லி ஒரு ஓடிபி பயணியோட போனுக்கு வரும். அதை ஏஜெண்ட்கிட்ட சொல்லிப் பணத்தை வாங்கிக்கலாம். நம்ம நம்பர் இருந்தாத்தான் இது நடக்கும்.

இன்னும் மூணு விஷயம் பாருங்க.

பிரிண்ட் அவுட்ல ஏஜெண்ட் விவரம் இருக்கணும். சொந்த ஐடியில எடுத்து விக்கறது ரயில்வே சட்டம் 143-ம் பிரிவுப்படி குற்றம். மூணு வருஷம் வரை ஜெயில்.

ஏஜெண்ட் கட்டணம் டிக்கெட்டுக்கு ஸ்லீப்பர்னா 20 ரூபா, ஏசின்னா 40 ரூபாதான். அதுக்கு மேல கேட்டா எதுக்குன்னு கேளுங்க.

தட்கல்ல முதல் அரை மணி நேரம் (ஏசிக்கு 10 முதல் 10.30, மத்ததுக்கு 11 முதல் 11.30) ஏஜெண்ட்கள் புக் பண்ணக்கூடாதுன்னு 2025 ஜூலைல விதி வந்தாச்சு. "பத்து மணிக்கே எடுத்துடுவேன்"னு அடிச்சு சொல்றவர்கிட்ட ஜாக்கிரதையா இருங்க.

பேரு, வயசு எழுதிக் குடுக்கிற துண்டுச் சீட்டுல உங்க நம்பரையும் எழுதுங்க. எஸ்எம்எஸ் வந்ததைப் பார்த்துட்டுக் கடையை விட்டு இறங்குங்க.

ஊருக்கு நல்லபடியாப் போயிட்டு வாங்க!