கொப்பரை அடியில் பச்சைச் சேறு

வீட்டில் பியர் காய்ச்சும் அமெரிக்கர்கள் பேச உட்கார்ந்தால் மால்ட் என்ன ரகம், ஈஸ்ட் என்ன ரகம் என்று மணிக்கணக்கில் போகும். நாலைந்து முறை காய்ச்சிப் பார்த்த ஒருவனைத் தனியாகப் பிடித்துக் கேட்டால்தான் அவனை உண்மையில் படுத்துவது எது என்று தெரியும். கொதித்து முடிந்த பாத்திரத்தின் அடியில் கிடக்கும் ஹாப்ஸ் சக்கைதான் அது. அதை எப்படிப் பிரிப்பது? கேட்க அற்பமான கேள்வி. கஷாயம் வடிகட்டுகிற வேலைதானே, ஒரு துணியைப் போட்டால் ஆயிற்று என்று தோன்றும். ஆகாது என்பதுதான் இங்கே கதையே.

கொஞ்சம் பின்னணி சொல்லிவிடலாம். முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து வடித்தால் இனிப்பான ஒரு சாறு கிடைக்கும். அதன் பெயர் வோர்ட். அந்த இனிப்பு திகட்டாமல் இருக்க ஒரு கசப்பு வேண்டும், அதைத் தருவது ஹாப்ஸ். ஒரு கொடியின் பெண் பூ, பச்சையாகச் சின்னக் கூம்பு போல இருக்கும், இதழ்களுக்கு அடியில் மஞ்சள் பொடி ஒட்டியிருக்கும். கசப்பும் வாசனையும் அந்தப் பொடியில்தான். பொடியில் இருக்கும் ஆல்ஃபா அமிலங்கள் வோர்ட்டில் லேசில் கரையாது. ஒரு மணி நேரம் தளதளவென்று கொதித்தால் அவை உருமாறிக் கரையும். வாசனை எண்ணெய்களோ அதற்கு நேர் எதிர், கொதிக்கக் கொதிக்க ஆவியோடு போய்விடும். அதனால் கசப்புக்கு ஆரம்பத்தில் ஒரு பங்கு, வாசனைக்கு அடுப்பை அணைக்கும் நேரத்தில் ஒரு பங்கு என்று பிரித்துப் போடுவார்கள். ஆக, ஹாப்ஸ் பாத்திரத்துக்குள் தாராளமாக நீந்த வேண்டும். பிறகு மொத்தமும் வெளியே வர வேண்டும். இந்த இரண்டு ஆசையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது.

அமெரிக்காவில் இது சட்டப்படியான பொழுதுபோக்கு. ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபரில் கையெழுத்திட்ட சட்டம் 1979 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒருவர் வருடத்துக்கு 100 கேலன், அதாவது சுமார் 378 லிட்டர் வரை வரியில்லாமல் காய்ச்சிக்கொள்ளலாம். (தமிழ்நாட்டில் 1937-ஆம் வருட மதுவிலக்குச் சட்டத்தின்படி அனுமதியில்லாமல் காய்ச்சினால் கம்பி எண்ண வேண்டியதுதான். இங்கே இருப்பவர்கள் இதைப் படிப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.)

வழக்கமான அளவு 5 கேலன், ஏறக்குறைய 19 லிட்டர். சாதாரண பேல் ஏல் என்றால் அதற்கு 50, 60 கிராம் ஹாப்ஸ் போதும். சமையலறை சல்லடையே சமாளித்துவிடும். கசப்பும் வாசனையும் தூக்கலான ஐ.பி.ஏ. மோகம் வந்த பிறகு அதே 19 லிட்டருக்கு 200 கிராம் என்பதெல்லாம் சர்வசாதாரணம். அதிலும் பலர் வாங்குவது முழுப் பூ கிடையாது, பூவை அரைத்து அழுத்தின பெல்லட். முயல் புழுக்கை போல இருக்கும். கொதிக்கும் வோர்ட்டில் விழுந்த சில நிமிடத்தில் உடைந்து மாவாகிவிடும். கூடவே பார்லியின் புரதங்கள் வேறு முட்டை உடைத்து ஊற்றிய ரசம் மாதிரி திரிந்து திட்டுத் திட்டாக மிதக்கும். இரண்டும் சேர்ந்ததுதான் அந்தப் பச்சைச் சேறு.

முதல் தடவை காய்ச்சுகிறவன் செய்வது என்ன? வோர்ட்டைக் குளிரவைக்கிறான், நொதிக்க வைக்கும் வாளியின் மேல் ஒரு மெல்லிய சல்லடையை வைக்கிறான், ஊற்றுகிறான். முதல் இரண்டு லிட்டர் ஜோராக இறங்கும். அப்புறம் சல்லடைக் கண்கள் அடைந்துகொண்டு குளம் மாதிரி நிற்கும். கரண்டியால் கிளறுகிறான், சுரண்டுகிறான், கழுவுகிறான், மறுபடி வைக்கிறான். இராத்திரி பதினொரு மணி. காலையிலிருந்து ஆறு மணி நேர உழைப்பு அந்தப் பாத்திரத்தில் இருக்கிறது. கொதித்த வோர்ட்டில் கிருமி கிடையாது, ஆனால் சூடு 70 டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகு அதில் படுகிற கரண்டி, சல்லடை, விரல் எல்லாமே ஆபத்து. சர்க்கரைச் சாறு ஈஸ்டுக்கு மட்டுமா பிடிக்கும்? கிருமிநீக்கம் செய்யாத ஒரு கரண்டி போதும், மூன்று வாரம் கழித்துப் புளித்த தண்ணீரைச் சாக்கடையில் கொட்ட வேண்டிவரும். இத்தனைக்கும் ஆறிய வோர்ட்டை சல்லடை வழியாகச் சிதற விடுவதில் ஒரு லாபமும் உண்டு. காற்று கலக்கும், ஈஸ்ட் பெருக அந்த ஆக்ஸிஜன் வேண்டும். சல்லடை சுத்தமாக இருந்தால் சரி.

குழாய் வைத்த பாத்திரம் வாங்கினவனுக்கு அவஸ்தை வேறு மாதிரி. குழாய்வாயில் சேறு அடைத்துக்கொள்ளும். தட்டுத் தட்டாக அடுக்கிய குளிர்விப்பான் வைத்திருந்தால் இன்னும் மோசம். அதன் இடுக்குகளில் மாட்டிய துணுக்கைக் கழுவி எடுப்பதற்குள் உயிர் போய்விடும், எடுக்காமல் விட்டால் அழுகி அடுத்த பியரையும் சேர்த்துக் கெடுக்கும்.

சரி, ஹாப்ஸை முதலிலேயே ஒரு பையில் கட்டிப் போட்டால்? போடுகிறார்கள். பெயிண்ட் வடிகட்ட விற்கும் நைலான் பைகூட இதற்குப் பயன்படுகிறது. சிலர் விளிம்பில் மாட்டித் தொங்கவிடும் துருப்பிடிக்காத எஃகு வலை உருளையை வாங்குகிறார்கள். வேலை சுத்தம், தூக்கினால் சக்கை மொத்தமும் வந்துவிடும். ஆனால் பெல்லட் ஊறினால் உப்பும். சின்னப் பையில் திணித்தால் நடுவில் ஓர் உருண்டையாகி, அதற்குள் வோர்ட் புகுந்து புறப்படாது. வலைக்கு வெளியே கொதி குதிக்கும், உள்ளே அமைதியாகக் கிடக்கும். கசப்பு குறையும். அதை ஈடுகட்ட பத்து சதவீதம் கூடுதலாக ஹாப்ஸ் போடச் சொல்லும் வழக்கம் இருக்கிறது. வடிகட்டும் சிரமத்தைக் காசாக மாற்றிக்கொள்வது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

பழைய ஆங்கிலேய ஆலைக்காரர்கள் இந்த விஷயத்தில் புத்திசாலிகள். அவர்கள் போட்டது முழுப் பூ. கொதித்து முடிந்ததும் துளையிட்ட தட்டு வைத்த இன்னொரு தொட்டிக்கு எல்லாவற்றையும் இறக்குவார்கள். பூக்கள் தட்டின் மேல் மெத்தை போலப் படியும், அந்த மெத்தையே புரதத் திட்டுகளைப் பிடித்துக்கொள்ளும். எதை வடிகட்ட வேண்டுமோ அதுவே வடிகட்டி! வீட்டிலும் முழுப் பூ போட்டால் இதைச் செய்யலாம். என்ன, பூ வோர்ட்டை நிறையக் குடித்துவிடும்.

பெல்லட்டுக்கு அந்த மெத்தை உருவாகாது. அதற்குத்தான் சுழல். 1960-ல் கனடாவின் மோல்சன் ஆலையில் ஆரம்பித்து உலகம் முழுக்கப் பரவிய முறை. வீட்டில் இதற்கு ஒரு நீளக் கரண்டி போதும். குளிர்விக்கும் செம்புச் சுருளை வெளியே எடுத்துவிட்டு (அது உள்ளே இருந்தால் சுழற்சியைக் கெடுக்கும்), ஒரே திசையில் இரண்டு நிமிடம் வேகமாகச் சுற்றி, மூடி, இருபது நிமிடம் தொடாமல் இருக்க வேண்டும். சேறு அடித்தட்டின் நடுவில் ஒரு மேடாகக் குவிந்திருக்கும். சுழலும்போது கனமான துகள் ஓரத்துக்கல்லவா ஓட வேண்டும்? டீ கோப்பையைக் கலக்கினாலும் தூள் நடுவில்தான் சேர்கிறது. ஐன்ஸ்டைன் 1926-ல் ஆறுகள் வளைந்து ஓடுவதைப் பற்றி எழுதிய கட்டுரையில் இந்த டீத்தூளைத்தான் உதாரணம் காட்டினார். சுழற்சியால் ஓரத்தில் அழுத்தம் கூடும். மேலே இருக்கும் திரவம் வேகமாகச் சுற்றுவதால் அந்த அழுத்தத்தைத் தாங்கும். அடியில் உரசலால் வேகம் குறைந்த திரவம் தாங்காமல் நடுப்பக்கம் நகரும், போகிற போக்கில் துகளையும் இழுத்துக்கொண்டு போகும்.

அப்புறம் ஓரத்துக் குழாயை மெதுவாகத் திறந்தால் தெளிந்த வோர்ட் வரும். மெதுவாக என்பது முக்கியம், முழுக்கத் திறந்தால் மேடு சரிந்து கூடவே வந்துவிடும். வோர்ட் கீழே போகப் போக எப்படியும் அது சரியத்தான் செய்யும். அங்கேதான் ஆளைச் சோதிக்கும். அடியில் இரண்டு லிட்டர் நிற்கிறது. நாலு பெரிய பாட்டிலாவது தேறுமே என்று பாத்திரத்தைச் சாய்க்கிறவன் அரை மணி நேரமாகக் காத்து ஒதுக்கிய சேற்றையும் சேர்த்து இறக்கிவிடுகிறான். அனுபவஸ்தர்கள் ஆரம்பத்திலேயே 21 லிட்டராகக் கணக்குப் போட்டுக் காய்ச்சி, இந்த இரண்டைப் பார்க்காமல் கழுவிவிடுகிறார்கள். கொஞ்சம் சேறு இறங்கிவிட்டாலும் தலை போகாது. நொதித்து முடியும்போது ஈஸ்டோடு சேர்ந்து அடியில் படிந்துவிடும், அதிலிருக்கும் கொழுப்பும் துத்தநாகமும் ஈஸ்டுக்கு ஆகாரமும்கூட. வாளி வாளியாக இறங்கினால்தான் வம்பு.

கழுவிவிட்ட சக்கையைத் தோட்டத்துக் குப்பைக்குழியில் போடுவது வழக்கம். செடிக்கு நல்லது. ஆனால் வீட்டில் நாய் இருந்தால் வேண்டாம். மால்ட் வாசனைக்கு மயங்கி நாய் அதைத் தின்றுவிடும். ஹாப்ஸ் நாய்களுக்கு விஷம், உடம்புச் சூடு கட்டுப்பாடில்லாமல் ஏறிச் சில மணி நேரத்தில் செத்தே போகலாம். பையில் இறுக்கக் கட்டி, மூடி போட்ட குப்பைத்தொட்டியில்தான் போட வேண்டும்.