விளக்கு யாருடைய பேச்சைக் கேட்கிறது?

மாதிரி ரயிலில் எனக்குப் பிடித்த இடம் மேஜைக்கு அடியில் இருக்கிறது. மேலே ஓடுவது 1:87 அளவிலான எச்ஓ வண்டி, தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். அது எந்தத் தடத்தில் திரும்ப வேண்டும் என்று தீர்மானிப்பது பாயிண்ட்; அதை நகர்த்தும் மோட்டாரும் வயரும் கீழேதான்.

சாமானுக்குச் சென்னை மயிலாப்பூரிலிருந்து ரிச்சி தெருவுக்குப் போனால் போதும். டாகிள் சுவிட்ச், கெப்பாசிட்டர், 14/36 வயர் எல்லாம் அங்கே கிடைக்கும். வயரைப் பல நிறங்களில் வாங்குங்கள். ஒரே நிறத்தில் இழுத்துவிட்டுப் பிறகு பழுது தேடுவது கொடுமை.

இரட்டைச் சுருள் மோட்டாருக்கு ஒரு நொடிக்கும் குறைவான உதை போதும். மின்சாரம் தொடர்ந்து பாய்ந்தால் சுருள் கருகிவிடும். அதனால் விரலை எடுத்ததும் தானே திரும்பும் ஸ்பிரிங் சுவிட்ச்தான் போட வேண்டும். அந்த சுவிட்சுக்கு முன் 4700 மைக்ரோஃபாரட், 35 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்றை ரெசிஸ்டர் வழியாக நிரம்பும்படி வைத்துவிட்டால் இன்னும் நல்லது. அழுத்தியதும் சேர்த்ததை மொத்தமாகக் கொட்டும். சுவிட்ச் ஒட்டிக்கொண்டாலும் ரெசிஸ்டர் வழியே கசியும் சொற்ப மின்சாரம் சுருளைச் சுடாது.

மெதுவாக நகரும் 12 வோல்ட் மோட்டார் வேறு வகை. அதற்கு ஆறு கால் டாகிள். ஓரத்து நான்கு கால்களைக் குறுக்காக இணைத்து, நடுக் கால்களை மோட்டாருக்குக் கொடுத்தால், சுவிட்சைத் தள்ளும்போது பிளஸ், மைனஸ் இடம் மாறும்.

இதுவரை யாரும் செய்துவிடலாம். வேலையின் உயிர், பாயிண்ட் எந்தப் பக்கம் இருக்கிறது என்று காட்டும் பேனல் விளக்கில் இருக்கிறது. பலரும் எல்இடிக்கான இணைப்பை சுவிட்சிலிருந்தே எடுக்கிறார்கள். பாயிண்டில் நகரும் நாக்குத் தண்டவாளத்தின் இடுக்கில் ஒரு ஜல்லித் துகள் சிக்கி பாயிண்ட் பாதியில் நின்றாலும் அந்த விளக்கு பச்சையாக எரியும். நாம் கேட்டதை அது சொல்கிறது, பாயிண்ட் செய்ததைச் சொல்வதில்லை. விளக்குக்கான இணைப்பை நாக்கின் கம்பி தொடும் மைக்ரோ சுவிட்சிலிருந்து எடுக்க வேண்டும். ஒன்று போதாது. ஒற்றை மைக்ரோ சுவிட்ச் பாதியில் நின்ற பாயிண்டையும் ஏதோ ஒரு பக்கம் என்றே காட்டும். இரு முனைக்கும் ஒவ்வொன்று வைத்தால், நடுவில் நின்றால் இரண்டு விளக்கும் அணைந்திருக்கும்.

மாம்பலத்தில் நாம் ஏறும் மின்ரயிலின் பாதையிலும், பாயிண்ட் உண்மையில் செய்ததையே நம்ப வேண்டும் என்ற இதே நியதிதான். நாக்குக்கும் பக்கத்துத் தண்டவாளத்துக்கும் இடையே 5 மில்லிமீட்டர் தகடு வைத்துச் சோதிப்பார்கள். பாயிண்ட் அப்போது பூட்டிக்கொள்ளக் கூடாது.

சிக்னல் ஒன்று சொல்லி, பாயிண்ட் வேறொன்று செய்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2023 ஜூன் 2 அன்று, ஒடிசாவின் பாஹானகா பஜாரில், சென்னை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைன் சிக்னல் கிடைத்தது. பாயிண்டோ லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. சிக்னல் வயரிங் மாற்றத்தில் நடந்த தவறுகளே காரணம் என்றது ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை. 290க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதன்பின் விளையாட்டு ரயில்தானே என்று சொல்லி, சுவிட்சிலிருந்து விளக்கு எரிய வைக்க எனக்கு மனம் வருவதில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் பாயிண்டிலேயே இரண்டு மைக்ரோ சுவிட்சுகளையும் பொருத்திவிடுங்கள். ஜல்லி ஒட்டி முடித்த பிறகு அவற்றைச் சரியான இடத்தில் நிறுத்துவது மிகக் கடினம்.