புல்வெளியில் ஒரு கரிய சிட்டு

மாசித் திங்கட் காலை. கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,100 மீற்றர் உயரத்திலுள்ள ஹோட்டன் சமவெளியில், இரவு படிந்த உறைபனியால் புல்லெல்லாம் வெண்மை பூண்டிருந்தது. காற்றோ காதுமடலை அறுத்தது. உடன்வந்தோர், முகில் மூடுமுன் 'உலக முடிவு' என்னும் மலைவிளிம்பைக் கண்டுவிட வேண்டுமென விரைந்தனர். நான் பின்தங்கினேன்.

கையுறையுடன் தொலைநோக்கியைத் திருகுவது எளிதன்று; விரல் மரத்தபின் கையுறையின்றித் திருகுவது அதனினும் அரிது. ஒருவாறு கண்ணாடி தெளிந்தபோது புதர்ச்சிட்டு தென்பட்டது. ஆண் கன்னங்கரியது, சிறகில் ஒரு வெள்ளைத் தீற்று. காற்று கிளையை வளைக்குந்தோறும் வாலை அசைத்துச் சமன்செய்துகொண்டது. திடீரெனப் புல்லில் இறங்கிப் பூச்சியொன்றைக் கவ்வி மீண்டது. அப்பால் மண்ணிறப் பேடு. தேன்சிட்டின் பகட்டு இதற்கில்லை. ஆயினும் நம் தீவில் மலைநாட்டிலே மாத்திரம் வாழும் குருவி இது. யாழ்ப்பாணத்து வேலியில் இதனை எதிர்பார்த்துப் பயனில்லை.

அது அமர்ந்திருந்ததோ மஞ்சட்பூவும் முள்ளும் நிறைந்த கோர்ஸ் புதர். ஐரோப்பாவிலிருந்து வந்து, புல்வெளியை மெல்ல விழுங்கும் செடி. 1988ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாகிய இந்நிலத்தில் அதனைக் களையும் பணி பலமுறை நடந்துள்ளது. களையத்தான் வேண்டும், திறந்த புல்லில்லையேல் சிட்டுக்கு இரை ஏது? எனினும், அம்முட்கிளையிலிருந்து அது பாடியபோது, இவ்வொரு புதரையாவது விட்டுவைக்கலாகாதா என்று மனம் இரங்கிற்று.

சற்றுத் தொலைவில், நம் மலைக்கே உரிய மகாரத்மல் மரமொன்று மொட்டுவிட்டு நின்றது. அதன் தாழ்ந்த கிளையும் ஒரு சிட்டு அமரப் போதும்.