தனியாளுக்கு ஒரு சட்டிக் கூழ்

ஒடியற்கூழை ஒருவருக்காகக் காய்ச்ச முடியாது என்பது யாழ்ப்பாணத் தீவகத்தில் யாரும் மறுக்காத பேச்சு. நண்டு, இறால், கணவாய், திருக்கைத் துண்டு, மீன் தலை, பலாக்கொட்டை, பயற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு என்று ஒவ்வொன்றிலும் கைப்பிடியளவு போட்டாலே பானை நிரம்பிவிடும். பிறகு குடிக்க ஆள் தேட வேண்டும். அதனால்தான் கொழும்பிலிருந்தோ கனடாவிலிருந்தோ உறவுகள் வந்து இறங்கினால் கூழ் காய்ச்சும் பேச்சு எழும். முற்றத்து மர நிழலில் வட்டமாக இருந்து, பனையோலையில் மடித்த பிளாவில் வாங்கி, மூக்கு ஒழுக ஒழுகக் குடித்தால்தான் கூழ் குடித்ததாகக் கணக்கு.

ரொறன்ரோவில் தனியே இருக்கும் என் மச்சாள் ஒக்டோபர் மாதத்தில் ஒருநாள் தொலைபேசியில் இந்தப் பேச்சைத்தான் அசைத்தா. கனடாவில் ஒக்டோபரின் இரண்டாவது திங்கட்கிழமை தாங்ஸ்கிவிங். வீட்டுக்கு வீடு வான்கோழி. பிள்ளைகள் வேறு நகரங்களில்.

“முழு வான்கோழி வாங்கி நான் என்ன செய்ய? ஒரு கால் மட்டும் வாங்கி, எங்கட கறித்தூளும் தேசிக்காய்ப்புளியும் பூசி அவனில வைச்சன். நல்லாத்தான் வந்தது. ஆனா பெருநாளெண்டா எனக்குக் கூழ்தான் வேணும். ஒரு ஆளுக்குக் காய்ச்ச ஊரில ஆருக்காவது தெரியுமோ எண்டு கேட்டுச் சொல்லன்.”

இந்தக் கேள்வி ரொறன்ரோவுக்கு மட்டும் உரியதல்ல. 1990களின் தொடக்கத்தில் போர் தீவகத்தை வெறுமையாக்கியது. வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறை என்று எங்கே போனாலும் பூட்டிய வீடுகளுக்கு நடுவே ஒரு கதவு திறந்திருக்கும். உள்ளே ஒரு ஆச்சியோ அப்புவோ தனியே இருப்பார்கள். நத்தாருக்கும் பொங்கலுக்கும் அவர்களுடைய அடுப்பில் என்ன வேகிறது என்று நாம் கேட்டதில்லை. மச்சாளுக்குப் பதில் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு உண்மையில் அதைத்தான் கேட்டுக்கொண்டு அலைந்தேன்.

முதலில் கூழுக்குள் இருக்கும் சாமான்கள் எப்போது வந்தவை என்று பார்த்தேன். கூழைச் சிவக்கவைக்கும் செத்தல் மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயரின் கப்பல்களில் இந்தப் பக்கம் வந்தது. யாழ்ப்பாண அரசு அவர்கள் கைக்கு முழுதாகப் போனது 1619இல். மரவள்ளியும் அமெரிக்கப் பயிர்தான், ஆனால் இன்னும் பிந்தியது: 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஒல்லாந்த ஆளுநர் வன் டெர் கிராவ் காலத்தில், மொரீசியசிலிருந்து இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டதாகச் சொல்கிறார்கள். வான்கோழியும் அதே கண்டத்துப் பறவை. மெக்சிக்கோவில் வளர்ப்புப் பறவையாகி, ஸ்பானியரால் ஐரோப்பாவுக்குப் போய், அங்கிருந்து கோவா துறைக்கு வந்தது. 1612இல் முகலாய அரசவை அதிகாரி முகரப் கான் கோவாவிலிருந்து கொண்டுவந்த விசித்திரப் பிராணிகளில் ஒரு வான்கோழியும் இருந்தது. கழுத்தும் தலையும் நிறம் மாறுவதைப் பார்த்து வியந்த முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் தன் நினைவுக்குறிப்பில் அதை எழுதிவைத்தார். அரண்மனை ஓவியர் மன்சூர் வரைந்த படம் இன்று லண்டன் விக்டோரியா அன்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மச்சாளின் அவனுக்குள் வெந்த காலும் நம்முடைய பானைக்குள் கொதிக்கும் மிளகாயும் ஒரே கண்டத்துச் சரக்குகள் என்பது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. மிளகாய் நம் அடுப்படிக்குள் குடியேறிவிட்டது. வான்கோழிக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. ஊர்காவற்றுறைக் கத்தோலிக்க வீடுகளில் நத்தார் என்றால் ஊர்க்கோழியும் ஆட்டிறைச்சியும்தான்.

மிளகாயையும் மரவள்ளியையும் எடுத்துவிட்டால் கூழில் முக்கியமாக மிஞ்சுவது ஒடியல் மா, பழப்புளி, கடலில் கிடைத்தது. இதில் ஒடியல்தான் தீவகத்தின் சொந்தச் சொத்து. நெல் குறைவாக விளையும் சுண்ணக்கல் நிலத்தில் பனை தானாக நிற்கும். பனங்கொட்டையைப் பாத்தி கட்டிப் புதைத்தால் சில மாதங்களில் கிழங்கு இறங்கும். அதைப் பச்சையாகக் கிழித்து வெயிலில் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியலை இடித்த மா கசக்கும். தண்ணீரில் கரைத்து, மா அடியில் படிந்ததும் மேல் தண்ணீரை ஊற்றி, மறுபடி தண்ணீர் விட்டு, கசப்பு இறங்கும்வரை இதையே செய்ய வேண்டும். அவசரக்காரருக்கு ஏற்ற மா அல்ல.

இவ்வளவும் தெரிந்த பிறகும் தனியாள் கேள்வி அப்படியே கிடந்தது. நயினாதீவில் ஒரு பெரியவர் தந்த பதில் வேறு வகை. விசேட நாட்களில் அவர் சமைப்பதே இல்லை. நாகபூசணி அம்மன் கோயில் அன்னதானப் பந்தியில் போய் இருந்துவிடுவார். அங்குள்ள அன்னதான மண்டபத்தின் பெயர் அமுதசுரபி. மணிமேகலைக்கு அந்தப் பாத்திரம் கிடைத்த மணிபல்லவம் இந்தத் தீவுதான் என்று நம்புகிறவர்கள் பலர். “பந்தியில இருந்தா நான் தனியாள் இல்லைத்தானே” என்றார். அவருடைய நிம்மதி எனக்குப் புரிந்தது. ஆனாலும் மச்சாள் கேட்டது தன் அடுப்பில், தன் கையால் காய்ச்சும் கூழை. அதற்கு இது பதிலாகாது.

பதில் ஊர்காவற்றுறையில் கிடைத்தது. கடற்கோட்டை கண்ணில் படும் தூரத்தில் வீடு. எண்பதைத் தாண்டிய ஆச்சி. என் கேள்வியைக் கேட்டதும் அவவுக்கு அதில் ஒரு புதினமும் தெரியவில்லை.

“நத்தாருக்கு மற்றநாள் வருசா வருசம் காய்ச்சுறன், பிள்ளை. அண்டைக்கு நண்டு கிடைச்சா நண்டு மட்டும். இறாலெண்டா இறால் மட்டும். எல்லாத்தையும் போட வெளிக்கிட்டா ஊரையெல்லோ கூப்பிடவேணும்?”

“ஆர் பழக்கினது, ஆச்சி?”

“ஒருத்தரும் பழக்கேல்லை. எங்கட அப்பு வாடியில அப்பிடித்தான் காய்ச்சினவர்.”

வாடி என்றால் கடற்றொழிலாளர் கரையில் போடும் கொட்டில். அந்தச் சொல் என்னை நெடுந்தீவுக்குக் கொண்டுபோனது. குறிகாட்டுவானிலிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். பவளக்கல் அடுக்கிய வேலிகளைக் கடந்து கரையோரமாகப் போனால், இளமையில் வாடி போட்டுத் தொழில் செய்த மூத்த கடற்றொழிலாளர்கள் சிலரைக் காணலாம். அவர்களிடம் விசாரித்தபோது எல்லாம் தெளிவானது. நல்ல மீனை வியாபாரி எடுத்துப் போய்விடுவார். கால் ஒடிந்த நண்டு, விலைபோகாத சிறுமீன், தலைகள் வாடியில் மிஞ்சும். ஒடியல் மா பாரமில்லை, மாதக்கணக்கில் கெடாது. கடலுக்கு இறங்குமுன் மாவை ஊறவிட்டுப் போனால் வந்ததும் கூழ். வாடியில் இருவர் இருந்தால் இருவருக்கு, ஒருவர் என்றால் ஒருவருக்கு.

கூழ் அங்கேதான் தொடங்கியது என்று நான் நம்புகிறேன். எழுத்தில் சான்று காட்ட முடியாது. சாமான்களின் கணக்கு அப்படிச் சொல்கிறது. மிஞ்சியதைக் கொண்டு ஒருவர் வயிற்றை நிரப்பிய சாப்பாட்டின்மேல், வீடும் உறவும் கூடக் கூட, ஒவ்வொன்றாக ஏறியிருக்கின்றன. பெருநாள் பானையை அரையாக, காலாகக் குறைத்துப் பார்த்தால் தனியாளுக்குக் கூழ் வராது. பானை பெருக்குமுன் இருந்த கூழுக்குப் போக வேண்டும். ஆச்சி செய்வது அதுதான்.

அவ சொன்ன கைப்பக்குவத்தை நானே அளந்து எழுதி மச்சாளுக்கு அனுப்பினேன். ஒடியல் மா மூன்று மேசைக்கரண்டி. காலையிலேயே ஊறவிட்டு மூன்று தரம் தண்ணீர் மாற்றவும். மூன்று தம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி அரிசி, ஐந்தாறு பலாக்கொட்டை, நறுக்கிய பயற்றங்காய் போட்டு அவியவிடவும். பாதி வெந்ததும் நீலக்கால் நண்டு ஒன்றை இரண்டாக உடைத்துப் போடவும். மூன்று செத்தல் மிளகாயும் மஞ்சளும் உப்பும் சேர்த்து இடித்து, நெல்லிக்காயளவு பழப்புளிக் கரைசலில் கலந்து ஊற்றவும். கடைசியாக மாவைக் கரைத்து விட்டு, கட்டிபடாமல் துழாவி, தடிக்கும்வரை மெல்லிய நெருப்பில் வைக்கவும். இறக்குமுன் ஒரு பிடி முருங்கையிலை.

மிளகாய்க்குப் பதில் இடித்த மிளகு போட்டும் ஒருமுறை காய்ச்சிப் பார்த்தேன். நிறம் மங்கல், உறைப்பு நாக்கில் நிற்காமல் தொண்டையில் இறங்குகிறது, நண்டின் இனிப்பு முன்னுக்கு வருகிறது. போர்த்துக்கேயருக்கு முந்திய கூழ் ஏறத்தாழ இப்படித்தான் இருந்திருக்கும். எனக்கு இதுவே கூடப் பிடித்தது.

நத்தார் அன்று மச்சாள் காய்ச்சினா. ஒடியல் மாவும் உறைந்த நண்டும் தமிழ்க் கடையில் வாங்கினதாம். மா இரண்டு தரம்தான் ஊறியது, கொஞ்சம் கசந்தது என்றா. மிச்சம் வைக்காமல் குடித்து முடித்ததாகவும் சொன்னா. இப்போது ஆடிப்பிறப்புக்கு ஒரு ஆளுக்கான ஆடிக்கூழின் அளவு கேட்கிறா. அரிசிமா, வறுத்த பயறு, தேங்காய்ப்பால், பனங்கட்டி. ஆச்சியிடம் மறுபடி போக வேண்டும்.